வேலைக்காக வேற ஸ்டேட்: பறவையையும் மிருதங்கத்தையும் எந்த ஊருக்கு கூட்டிட்டுப் போறது?

எங்க ஆபீஸ்ல டீமை கலைச்சு ஆளுக்கொரு ஊரா பிரிச்சு அனுப்புறாங்க. எனக்கு நாலு ஊர் சொல்லி அதுல ஒண்ணை எடுத்துக்கோன்னாங்க, பெங்களூரு, ஹைதராபாத், புனே, திருவனந்தபுரம். சம்பளத்துல பெருசா வித்தியாசம் இல்ல, வேலையும் அதே வேலைதான். அதனால இந்தத் தடவை வேற ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன். எனக்கு ரெண்டு பழக்கம் இருக்கு, காலையில பறவை பாக்குறது, சாயங்காலம் மிருதங்கம். ரெண்டும் சென்னையில வளர்ந்தது, வேளச்சேரியில வீடு இருக்கிறதால பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வாசல்லயே இருக்கிற மாதிரி, குருநாதர் வீடும் பஸ்ல போற தூரம். இந்த ரெண்டையும் விட்டுட்டு வேற ஊர்ல போய் நல்லா இருப்பேன்னு எனக்கு தோணல. அதனால நாலு ஊரையும் இந்தக் கண்ணோட பாத்தேன், ஆபீஸ் வேலையா எல்லா ஊர்லயும் தங்கின அனுபவம் இருக்கு, மீதியை அங்க இருக்கிற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட துருவித் துருவி கேட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ஊர் மாறுறவங்க எல்லாரும் "அந்த ஊரைச் சுத்தி என்ன இருக்கு"ன்னுதான் கேக்குறாங்க. புனேன்னா பிக்வான்ல பூநாரை வரும், பெங்களூருன்னா ரங்கனதிட்டு போலாம், இப்படி லிஸ்ட் போடுவாங்க. அதெல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போற இடம், லீவு போட்டா சென்னையிலேர்ந்தே போயிட்டு வரலாம். பழக்கத்தை உயிரோட வெச்சிருக்கிறது புதன்கிழமைதான். ஒரு சாதாரண புதன்கிழமை காலையில ஆபீஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பைனாகுலரோட நிக்க ஒரு ஏரி இருக்கா, அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாம அரை மணி நேரம் வாசிக்க முடியுமா, இவ்ளோதான் கேள்வி. இதுக்கு ஆமாம்னு சொல்ற ஊர்ல பழக்கம் நிக்கும், இல்லன்னா ஊரைச் சுத்தி எத்தனை சரணாலயம் இருந்தாலும் ஆறே மாசத்துல பைனாகுலர் அலமாரிக்குள்ள போயிடும். நான் பாத்த நிறைய பேருக்கு இதுதான் நடந்துச்சு.

சூரியன் எப்ப உதிக்குதுன்னு யாரும் பாக்குறதில்ல, ஆனா காலையில பறவை பாக்குறவங்களுக்கு அது பெரிய விஷயம். டிசம்பர் நடுவுல சென்னையில கிட்டத்தட்ட 6.20, 6.25க்கு உதிச்சிடும். பெங்களூருலயும் திருவனந்தபுரத்துலயும் ஒரு பத்து நிமிஷம் தள்ளி, ஹைதராபாத்துலயும் ஏறக்குறைய அப்படித்தான். புனே மேற்கால ரொம்ப தள்ளி இருக்கிறதால அங்க ஏழு மணி ஆகிடும், ஜனவரியில ஏழையும் தாண்டும். வலசை வர்ற பறவைங்க இருக்கிறதே அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான், அந்த மாசங்கள்லயே அரை மணி நேரம் காலையில போயிடுச்சுன்னா, ஒன்பது மணி மீட்டிங் வெச்சிருக்கிறவனுக்கு என்ன மிச்சம்? சாயங்காலம் அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைக்கும்தான், ஆனா சாயங்காலம் நாம டிராஃபிக்ல இல்ல நிப்போம்.

மிருதங்கத்துக்கு வேற கவலை. வாத்தியத்தை ரிப்பேர் பண்ற ஆள் வேணும். மூட்டு, அதாவது தோல் மூடியை மாத்துறது, அதைக் கட்டியிருக்கிற வாரை இழுத்துப் பிடிக்கிறது எல்லாம் கை தெரிஞ்சவங்க பண்ற வேலை, யூடியூப் பாத்து பண்ண முடியாது. போல்ட் போட்ட மிருதங்கம் வாங்கிட்டா சுருதி சேக்குறது ஈஸி, ஆனா தோல் கிழிஞ்சா அதுக்கும் ஆள்தான் வேணும். அப்புறம் காத்து. மழைக்காலத்து ஈரத்துல தோல் தொய்ஞ்சு சுருதி இறங்கும், காஞ்ச வெயில்ல விறைச்சு ஏறும். ஒரு ஊர்ல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஓயாம மழை பெய்யுதுன்னா வலந்தலையை, அதாவது வலது பக்கத் தோலை, தினம் தட்டித் தட்டி சேத்துக்கிட்டே இருக்கணும். தொப்பிக்கு, அதாவது இடது பக்கத்துக்கு, ரவை பூசுறது மட்டும் எந்த ஊர்லயும் ஒண்ணுதான், ரவை எல்லா மளிகைக் கடையிலயும் கிடைக்கும்.

இனி ஊர் ஊரா வரேன்.

பெங்களூருவைப் பத்தி எல்லாரும் டிராஃபிக்லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க, நான் ஏரியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஊர் ஏரிகள் எவ்வளவோ போயிடுச்சு, பெல்லந்தூர் ஏரியில நுரை பொங்கி தீயே பிடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா மிச்சம் இருக்கிறதுல பல ஏரிகளை அந்தந்த ஏரியா ஜனங்களே போராடி மீட்டு வெச்சிருக்காங்க, சர்ஜாபூர் ரோட்டுல இருக்கிற கைகொண்டனஹள்ளி ஏரி அதுக்கு நல்ல உதாரணம். வடக்கால ஹெப்பால், ஜக்கூர், ராச்சேனஹள்ளி ஏரிகள். ஜக்கூர்ல கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் நடைபாதையில நின்னே பாக்கலாம், படகு வேணாம், டிக்கெட் கவுன்ட்டர் வேணாம். இதைத்தான் நான் புதன்கிழமை இடம்னு சொல்றேன். நடு ஊர்ல 240 ஏக்கர்ல லால்பாக் இருக்கு, மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அங்க பறவை பாக்குறவங்க கூடுற வழக்கம் 1970கள்லேர்ந்து ஓடிட்டிருக்கு. புது ஊருக்குப் போறவனுக்கு பறவையை விட இந்தக் கூட்டம் முக்கியம், தனியா போறவன் மழை தூறினா திரும்பப் படுத்துடுவான், நாலு பேர் கேட்ல காத்திருப்பாங்கன்னா எழுந்து போவான். வாரக்கடைசிக்கு நந்தி மலை, 1478 மீட்டர் உயரம், நீலகிரி காட்டுப்புறாவை நீலகிரி போகாமலே அங்க பாக்கலாம், ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பைக் கூட்டத்துல மலையே தெரியாது.

சங்கீதத்துக்கு சென்னைக்கு அடுத்தபடியா பெங்களூருதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ராமநவமிக்கு கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துல பந்தல் போட்டு ஒரு மாசத்துக்கு கச்சேரி நடத்துறாங்க, 1939லேர்ந்து நடக்குது, வெயில் காலத்து சாயங்காலத்துல அந்தப் பந்தல்ல உக்காந்து தனி ஆவர்த்தனம், அதான் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற கட்டம், கேட்ட சுகம் சென்னை ஏசி சபாவுல கிடையாது. மல்லேஸ்வரத்துல வயலின் வடிவத்துல சௌடையா ஹால், அப்புறம் 1905லேர்ந்து இருக்கிற கான சமாஜம்ங்கிற சபா, ஜெயநகர் பசவனகுடி பக்கம் தெருவுக்கு ஒரு பாட்டு வாத்தியார். மிருதங்கம் ரிப்பேருக்கும் ஆள் இருக்காங்க. குருநாதரை நேர்ல பாக்கணும்னா காலையில ரயில் ஏறினா மதியத்துக்குள்ள சென்னை, பிருந்தாவன், சதாப்தி, வந்தே பாரத், டபுள் டெக்கர்னு வண்டிக்குப் பஞ்சமில்ல. மிருதங்கத்தை மடியில வெச்சிட்டே போயிடலாம்.

சிக்கல் என்னன்னா சங்கீதம் ஒரு மூலையில இருக்கு, ஐடி ஆபீஸ் இன்னொரு மூலையில இருக்கு. ஒயிட்ஃபீல்டுல வேலை, ஜெயநகர்ல கச்சேரின்னா கச்சேரி முடியிற நேரத்துல பாடுற துக்கடா ஆரம்பிக்கும்போது போய்ச் சேரலாம். ஆனா எலக்ட்ரானிக் சிட்டியில ஆபீஸ்னா கதை மாறிடுச்சு, 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ ஆர்.வி. ரோட்லேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் திறந்துட்டாங்க. ஜெயநகர் பக்கம் வீடு பாத்தா லால்பாக் நடக்குற தூரத்துல, கச்சேரி ஆட்டோ தூரத்துல, ஆபீஸுக்கு சில்க் போர்டு சிக்னலை மேல இருந்து பாத்துட்டே மெட்ரோல போயிடலாம். இது மூணும் ஒரே வீட்டுல அமையிறது நான் பாத்த நாலு ஊர்ல இங்க மட்டும்தான். வாடகை கூடுதல், அட்வான்ஸ் அஞ்சு ஆறு மாச வாடகை கேக்குறாங்க, முன்னெல்லாம் பத்து மாசம் கேட்டாங்க.

ஹைதராபாத்தை நம்ம ஆளுங்க குறைச்சு மதிக்கிறாங்கன்னு நினைக்கிறேன். பறவைக்கு அது அருமையான ஊர், முக்கியமா நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். சென்னையில அதுல முதல் பாதி மழை, புயல், சேறு. அங்க காஞ்ச, குளிர்ந்த, வெளிச்சமான காலை. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ரெண்டும் ஐடி ஏரியாவுலேர்ந்து கிட்டத்துல இருக்கு. மியாப்பூர் தாண்டி இருக்கிற அமீன்பூர் ஏரியை 2016ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, ஒரு நீர்நிலைக்கு இந்தியாவுல அந்தப் பேர் முதல்ல கிடைச்சது அங்கதான். ஆனா சுத்தி கட்டடம் ஏறிட்டே வருது, அதைப் பாக்க மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஜூப்ளி ஹில்ஸ் நடுவுல கேபிஆர் தேசியப் பூங்கா இருக்கு, மயில் சத்தம் ரோட்டுக்கே கேக்கும். இன்னொண்ணு, அந்த ஊர்ப் பாறைகள். உருண்டை உருண்டையா அடுக்கின மாதிரி பாறைங்க, அதுல அந்தி நேரத்துல கொம்பன் ஆந்தை வந்து உக்காரும். சென்னையைச் சுத்தி தண்ணிப் பறவையா பாத்துப் பழகினவனுக்கு அது வேற உலகம்.

மிருதங்கத்துக்கு ஹைதராபாத் பாதி சரி. வாடகை வீட்டு அட்வான்ஸ் ரெண்டு மூணு மாசத்தோட முடிஞ்சிடும், அதே பணத்துக்கு பெரிய வீடு கிடைக்கும், பெரிய வீடுன்னா உள்ள ஒரு ரூம்ல கதவைச் சாத்திட்டு வாசிக்கலாம். கச்சேரி எல்லாம் ரவீந்திர பாரதி அரங்கம், செகந்திராபாத் பக்கம். மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல காலமா இருக்காங்க, ஸ்கந்தகிரி முருகன் கோயில் அங்கதான். நீல லைன் மெட்ரோ செகந்திராபாத்லேர்ந்து நேரா ஹைடெக் சிட்டி போகுது, அதனால அங்க தங்கி வேலைக்குப் போறது நடக்குற காரியம்தான், ஆனா அப்படித் தங்கினா ஏரிங்க எல்லாம் ஊரோட அந்தப் பக்கம் போயிடும். பாட்டு பக்கம் வீடா, பறவை பக்கம் வீடான்னு தேர்ந்தெடுத்தே ஆகணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் உண்டு. நாம வாசிக்கிற உருப்படியில பாதிக்கு மேல தெலுங்கு, தியாகராஜர் கீர்த்தனை அர்த்தம் தெரியாமலே வருஷக்கணக்கா அதுக்கு வாசிச்சிட்டிருப்போம். அந்த ஊர்ல காய்கறிக்காரர்கிட்டயும் ஆட்டோக்காரர்கிட்டயும் தெலுங்கு பேசிப் பேசி ஒரு நாள் சாகித்யம் புரிய ஆரம்பிக்கும், எந்த இடத்துல பாட்டை விட்டுட்டு நாம ஒதுங்கி நிக்கணும்னு அப்பதான் தெரியும். தெலுங்குல ராமர் கீர்த்தனை பாடின பத்ராசல ராமதாசரை அடைச்சு வெச்சதா சொல்ற சிறை கோல்கொண்டா கோட்டையில இருக்கு, கச்சிபௌலி ஆபீஸ்லேர்ந்து அது பக்கம். ரயில் சார்மினார் எக்ஸ்பிரஸ், ராத்திரி படுத்தா காலையில சென்னை. ஏப்ரல் மே வெயில் நாப்பது டிகிரியைத் தாண்டும், மிருதங்கத்தை சாயங்காலம் சேத்தது காலையில ஏறி நிக்கும், அந்த ரெண்டு மாசம் பறவைக்கும் லீவு.

புனே. பறவை மட்டும்தான் உங்க பழக்கம்னா மேல படிக்க வேண்டாம், புனே போங்க. ஒரு ஊர்லேர்ந்து ஒரு பக்கம் போனா சிங்ககட் பள்ளத்தாக்கு, தாம்ஹினி காட் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு, இன்னொரு பக்கம் போனா சாஸ்வட், மயூரேஷ்வர் மாதிரி காஞ்ச புல்வெளி, கல்குருவி, கல்கௌதாரி, பூனைப்பருந்து, அதிர்ஷ்டம் இருந்தா ஓநாய். சுமார் நூறு கிலோமீட்டர்ல உஜ்ஜனி அணையோட பின்தண்ணி, அதான் பிக்வான், ஜனவரி பிப்ரவரியில பூநாரைக் கூட்டத்தை ஊர்க்காரங்களே படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. மூணு விதமான நிலம் மூணு திசையில, வேற எந்த ஊர்லயும் இப்படி இல்ல. புதன்கிழமைக்கும் பாஷான் ஏரி இருக்கு, ஊருக்குள்ளயே டேக்டின்னு சொல்ற குன்றுங்க இருக்கு, வேதாள் டேக்டிக்கு விடியக்காலையில ஏறி இறங்குறதை அந்த ஊர் ஜனங்க ஒரு கடமை மாதிரி செய்றாங்க, எழுபது வயசு ஆஜி (பாட்டி) எல்லாம் நமக்கு முன்னாடி ஏறுவாங்க. சூரியன் லேட்டுங்கிறது ஒண்ணுதான் குறை. ஹிஞ்சவடி ஆபீஸ்னா பாஷான், பாணேர் பக்கம் வீடு பாத்துக்கணும், இல்லன்னா அந்த டிராஃபிக் பெங்களூருக்கு சளைச்சதில்ல.

ஆனா மிருதங்கம்? புனே ஹிந்துஸ்தானி ஊர். டிசம்பர்ல நடக்குற சவாய் கந்தர்வ விழா 1953ல பீம்சேன் ஜோஷி தன் குருவுக்காக ஆரம்பிச்சது, ஆயிரக்கணக்கான பேர் தரையில உக்காந்து கேப்பாங்க, கேக்குற காதுக்கு அது பெரிய விருந்து. வாசிக்கிற கைக்கு அங்க தீனி கம்மி. கர்நாடக சங்கீதக் குடும்பங்கள் இருக்காங்க, தேடிப் பிடிக்கலாம், ஆனா வாராவாரம் ஒரு பாடகரோட உக்காந்து வாசிக்கிற பழக்கம் அங்க அமையிறது கஷ்டம். மூட்டு போச்சுன்னா மிருதங்கத்தை சென்னைக்குத்தான் அனுப்பணும், ரயில்ல கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம், ஃப்ளைட்ல போட்டா லக்கேஜோட லக்கேஜா எப்படி எறிவாங்களோன்னு வயித்துல புளி கரையும். நாலு மாச மழை வேற. தபலா கத்துக்கலாமேன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான், நல்ல யோசனைதான், ஆனா இத்தனை வருஷம் கையில ஏறின விரலடியை விட்டுட்டு இன்னொண்ணு ஆரம்பிக்க எனக்கு மனசு வரல.

திருவனந்தபுரத்தை நெல்லை, நாகர்கோவில் ஆளுங்க கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம், வீட்டுக்கு சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம். பறவைக்கு வெள்ளாயணி, புஞ்சக்கரி வயல், கொஞ்சம் தூரத்துல பொன்முடி. கேரளாவுல பறவை பாக்குறவங்க ஒழுங்கா குழுவா சேந்து வேலை செய்றவங்க, மாநிலம் முழுக்க கட்டம் கட்டமா பிரிச்சு அஞ்சு வருஷம் எண்ணி பறவை அட்லஸே போட்டவங்க, அவங்களோட சேந்தா நிறைய கத்துக்கலாம். சங்கீதத்துக்கு ஸ்வாதித் திருநாள் பேர்ல காலேஜே இருக்கு, நவராத்திரி மண்டபத்துல ஒன்பது நாள் கச்சேரி, முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபின்னு ராகம் முன்கூட்டியே முடிவானது, கைதட்டல் கிடையாது. அந்த விழாவுக்கு பத்மநாபபுரத்துலேர்ந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூணு பேரும் ஊர்வலமா கிளம்பி திருவனந்தபுரம் போறது இன்னும் நடக்குது. எனக்கு இருக்கிற தயக்கம் மழையும் ஈரமும், ஜூன்ல ஆரம்பிச்சா நவம்பர் வரைக்கும் விட்டு விட்டு பெய்யும். அப்புறம் டெக்னோபார்க் இருக்கிறது கழக்கூட்டத்துல, புஞ்சக்கரி ஊரோட தெக்கு மூலையில, புதன்கிழமை காலையில போய்ட்டு வர்றது சிரமம். சென்னைக்கும் ரொம்ப தூரம்.

"ஆன்லைன்ல கிளாஸ் வெச்சுக்கலாமே, எந்த ஊர்னா என்ன"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் எடுத்துக்கலாம், சரிதான். குரு வாசிச்சுக் காட்டி நாம திருப்பி வாசிக்கிறது வரைக்கும் ஓடும். ஆனா ரெண்டு பேரும் சேந்து வாசிக்க முடியாது, சத்தம் போய் வர்ற அந்தச் சின்ன தாமதத்துல தாளம் ஆளுக்கொரு பக்கம் போயிடும். அதோட இந்த வீடியோ கால் ஆப் எல்லாம் பேச்சுக்காக செஞ்சது, தொப்பியில வர்ற ஆழமான கும்கி சத்தத்தை இரைச்சல்னு நினைச்சு வடிகட்டி எறிஞ்சிடும், குருவுக்கு வலந்தலை மட்டும் டிக் டிக்னு கேக்கும். ஜூம்ல ஒரிஜினல் சவுண்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டா நிறைய வித்தியாசம் தெரியும், கத்துக்குறவங்க எல்லாரும் இதை முதல்ல செய்ங்க. அப்படியும் மாசத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல போய் உக்காந்தாத்தான் கை நேராகும், அதனாலதான் ரயில் நேரத்துக்கு நான் இவ்ளோ மதிப்பு குடுக்குறேன்.

எல்லாம் கூட்டிக் கழிச்சு நான் பெங்களூரு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா அதுக்குக் காரணம் பெங்களூரு இல்ல, என் ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில இருக்கிறது. அதே கம்பெனி எனக்கு ஒயிட்ஃபீல்டோ அவுட்டர் ரிங் ரோடோ குடுத்திருந்தா யோசிக்காம ஹைதராபாத் போயிருப்பேன், உஸ்மான் சாகர் பக்கம் ஒரு வீடு எடுத்து, கச்சேரியை மாசத்துக்கு ஒண்ணுன்னு குறைச்சுக்கிட்டு. பறவை மட்டும்னா புனே. தென்கோடி ஆளுங்களுக்கு திருவனந்தபுரம். எச்ஆர்கிட்ட ஊர் பேரை மட்டும் கேட்டு தலையாட்டிடாதீங்க, எந்த கேம்பஸ், எந்த ஷிப்ட்டு, வாரத்துல எத்தனை நாள் நேர்ல வரணும்னு எழுத்துல வாங்குங்க. யுஎஸ் ஷிப்ட்டுன்னா சாயங்கால வாசிப்பு மொத்தமா போச்சு, எந்த ஊரா இருந்தாலும்.

வீடு பாக்கும்போது நான் ப்ரோக்கர்கிட்ட முதல்லயே மிருதங்கம் வாசிப்பேன்னு சொல்லிடப் போறேன், மறைச்சு உள்ள போயிட்டு அப்புறம் சண்டை போடுறது யாருக்கும் நல்லதில்ல. அபார்ட்மென்ட்டை விட தனி வீட்டு மேல்மாடி போர்ஷன் பாக்கணும், கீழ் வீட்டுல ஓனர் தூங்குற ரூமுக்கு மேல நம்ம ரூம் வராம இருக்கணும். ஏரிக்கு பக்கத்துல வீடான்னு மேப்ல மட்டும் பாத்து நம்பாம, பறவை பாக்குறவங்க பதிவு போடுற இபேர்ட் வெப்சைட்டுல அந்த ஏரியோட பட்டியலை எடுத்து கடைசி ஒரு வருஷத்துல யாராவது போய் பதிவு போட்டிருக்காங்களான்னு பாருங்க. பதிவே இல்லன்னா ஒண்ணு ஏரி செத்திருக்கும், இல்ல உள்ள விட மாட்டாங்க.

வண்டி விஷயம்தான் இன்னும் முடியல. விடியக்காலை அஞ்சரைக்கு ஏரிக்குப் போக சொந்த பைக் இல்லாம ஆகாது, ஆனா தமிழ்நாட்டு நம்பர் வண்டியை இன்னொரு ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும், இங்க ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி வாங்கி, கர்நாடகா ரோடு டாக்ஸை அங்க கட்டி, இங்க கட்டினதுல மிச்சத்தை ரீஃபண்ட் கேட்டு அலையணும். நாலு ஸ்டேட்லயோ அதுக்கு மேலயோ ஆபீஸ் இருக்கிற கம்பெனியில வேலை பாக்குறவங்க புது வண்டி எடுத்தா, ஸ்டேட் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பாரத் சீரிஸ் நம்பர் வாங்கலாம், 2021லேர்ந்து அந்த வசதி இருக்கு. என் பைக் பழசு, அதனால இங்கயே வித்துட்டு அங்க போய் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி கர்நாடகாவோட கேஏ நம்பர்லயே பாக்கலாம்னு இருக்கேன். பைனாகுலரும் மிருதங்கமும் என்கூடவே ரயில்ல வரும், பேக்கர்ஸ் லாரியில ஏத்துறதா இல்ல.